நூறு சதவீத வசூல்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் என் அம்மா சொல்வது, "வட்டிக்கு விடுற கம்பெனில இருக்கான்." இருபது வருடமாக இதே பதில்தான். நடுவில் சென்னையில் ஒரு முதலீட்டு நிதியில் சேர்ந்தேன். விசிட்டிங் கார்டில் 'இம்பாக்ட் இன்வெஸ்ட்மென்ட்' என்றெல்லாம் அச்சடித்து வந்து பெருமையாகக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அப்போ இது பெரிய வட்டியா?" என்றார்.

போன மாதம் ஒன்றுவிட்ட அக்கா மகள் போன் செய்தாள். புதுச்சேரியில் எம்பிஏ முடித்தவள். சமூக முதலீட்டுத் துறைக்கு வரலாம் என்று நினைக்கிறாளாம். "மாமா, இதுல என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். பத்து நிமிடம் ஏதோ உளறினேன். போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியது எதையுமே சொல்லவில்லை என்று தோன்றியது. அவளுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது பி.காம் கடைசி வருடம். எங்கள் பெரியார் கலைக் கல்லூரி தேவனாம்பட்டினத்தில் இருக்கிறது. வகுப்பைக் கட் அடித்தால் நாங்கள் போய் உட்காருகிற இடம் சில்வர் பீச்தான். அந்தக் கடல்தான் அன்று காலை ஊருக்குள் வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதவும் வராது.

நிவாரண வேலைக்கு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தில், "பி.காமா? நோட்டு எழுதத் தெரியுமா?" என்று கேட்டு என்னை உட்கார வைத்தார்கள். சம்பளம் 2,500 ரூபாய். ஆறு மாதத்தில் கரையெங்கும் புது ஃபைபர் படகுகள் வரிசை கட்டின. யார் யாரோ படகு கொடுத்தார்கள். மீனைவிடப் படகு அதிகமாகிவிட்டது என்று ஊரிலேயே கேலி பேசினார்கள். ஆனால் கூடையில் மீன் சுமந்து விற்கிற பெண்களுக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. படகு இருந்தவர்களுக்குத்தானே படகு போச்சு? கூடைக்காரிக்கு என்ன போச்சு என்று கணக்கு எடுக்க ஒரு படிவமும் கிடையாது. அவளுக்குப் போனது கைமுதல். அன்றாடம் கையில் புரள்கிற இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்.

அந்தப் பெண்களை வைத்துக் குழு ஆரம்பிப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. சுய உதவிக் குழு தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. 1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கியது. 1992இல் விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தை வெறும் 500 குழுக்கள் என்ற இலக்கோடு சோதனையாக ஆரம்பித்தது. பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள் சேர்ந்து சேமித்து, அதைத் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டு, ஆறு மாதம் தீர்மான நோட்டும் ரொக்க நோட்டும் ஒழுங்காக எழுதினால், சொத்து அடமானம் இல்லாமல் வங்கி கடன் தரும். படிக்கிற இடத்தில் இது சாதாரண விஷயமாகத் தெரியும். பத்திரம் இல்லாதவளுக்கு வங்கிக்குள் நாற்காலி கிடைப்பது சாதாரணம் இல்லை.

நான் புத்தம்புது பி.காம். வட்டிக் கணக்கு விரல் நுனியில் நிற்கும். ஒருநாள் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மீன்கார அக்காவிடம் தண்டல் கணக்கைப் போட்டுக் காட்டினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய் வட்டி 15% மாதிரிதான் தெரியும். ஆனால் நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக அவள் கையில் இருப்பது 4,250 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,500 என்றால், வருடத்துக்கு 130 சதவீதத்தைத் தொடுகிறது. "அக்கா, பேங்குல 12 பர்சென்ட்தான்" என்று முடித்தேன்.

அக்கா ஐஸ் தட்டிக்கொண்டே கேட்டார்: "நீ சொல்ற பேங்கு காலைல நாலு மணிக்குத் தொறக்குமா தம்பி?"

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டால் தண்டல்காரர் கடைசியில் மூன்று நாள் சேர்த்துக்கொள்வாராம். அபராதம் கிடையாது. புயல் கொடி ஏற்றிவிட்டால் அந்தப் பக்கமே வரமாட்டாராம். கடல் ஓய்ந்த பிறகு வருவாராம். நான் அதை அன்று காதில் வாங்கவில்லை. 130 சதவீதம் என்ற எண்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. தண்டல்காரரை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அவர் நல்லவர் இல்லை, வசூலுக்கு அவர் பேசுகிற பேச்சும் காது கொடுத்துக் கேட்க முடியாது. ஆனால் கடல் எப்போது மூடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் நோட்டுக்கு அது தெரியவில்லை.

2007இல் நுண்கடன் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். ஏழைப் பெண்களுக்கு அடமானம் இல்லாமல் சிறு கடன் கொடுத்து வாரா வாரம் வசூலிக்கிற கம்பெனி. சம்பளம் மூன்று மடங்கு, கூடவே பைக்குக்குப் பெட்ரோல் காசு. முந்தைய வருடம்தான், வங்கதேசத்தில் இதே மாதிரி சிறு கடன் கொடுத்த முகம்மது யூனுசுக்கும் அவருடைய கிராமீன் வங்கிக்கும் நோபல் பரிசு கிடைத்திருந்தது. சுவரில் அவர் படம் மாட்டியிருந்தார்கள். கடன் 10,000 ரூபாய். வாரம் 225 வீதம் 50 வாரம். கூட்டிப் பார்த்தால் 11,250. அசல் குறைகிற கணக்கில் வருடத்துக்கு ஏறக்குறைய 25%. தண்டலோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு. ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று உண்மையாகவே நம்பினேன். நம்பாமல் காலை ஆறு மணிக்கு நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் வண்டி ஓட்ட முடியாது.

காலை ஏழு மணிக்கு சென்டர் கூட்டம், அதாவது ஒரு பகுதியில் கடன் வாங்கிய பெண்கள் எல்லோரும் கூடித் தவணை கட்டுகிற கூட்டம். வரிசையாகத் தரையில் உட்கார்ந்து உறுதிமொழி. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும். யாரும் கட்டவில்லை என்றால் யாரும் எழுந்து போகக் கூடாது. நானும் போக முடியாது. கிளையில் பெரிய கரும்பலகை ஒன்று இருந்தது. என் பெயருக்கு நேரே வாரா வாரம் சாக்பீஸில் '100%' என்று எழுதுவார்கள். மூன்று வருடம் தொடர்ந்து எழுதினார்கள். அதற்காக ஒரு மிக்சி பரிசு வாங்கினேன். அது இன்னும் வீட்டில் ஓடுகிறது.

அந்த நூறில் ஒரு வாரத்தைச் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கம் ஒரு சென்டர். ஒரு அம்மா கட்டவில்லை. மணி ஏழரை, எட்டு, எட்டரை. வேலைக்குப் போக வேண்டிய பெண்கள் முனக ஆரம்பித்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாது, அதுதான் பயிற்சி. பேசாமல் உட்கார்ந்திருந்தால் குழுவே பேசிக்கொள்ளும். எட்டே முக்காலுக்கு அந்த அம்மா எழுந்து வீட்டுக்குப் போய், பித்தளைத் தவலையைச் சேலையால் மூடி எடுத்துக்கொண்டு அடகுக் கடைப் பக்கம் நடந்தார். ஒன்பதே காலுக்கு 225 ரூபாய் வந்தது. சில்லறையாக எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அன்றும் பலகையில் 100% தான்.

2010 அக்டோபரில் ஆந்திர அரசு நுண்கடன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கடன் சுமையில் தற்கொலைகள், மிரட்டி வசூல் என்று செய்திகள் வந்தபடி இருந்தன. அங்கே வசூல் அப்படியே நின்றுபோனது. அதே மாதம் ரிசர்வ் வங்கி, நுண்கடன் துறையை ஆராய மாலேகாம் குழுவை அமைத்தது. 2011 டிசம்பரில் இந்தக் கம்பெனிகளுக்கென்று தனி வகையும், 26% வட்டி உச்சவரம்பும் வந்தன. புது விதிகளை நாங்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்த அதே டிசம்பர் மாதக் கடைசியில் தானே புயல் வந்தது.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியற்காலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. சுனாமி கடலோரத்தோடு நின்றது. தானே உள்ளே முப்பது, நாற்பது கிலோமீட்டர் போய் அடித்தது. பண்ருட்டியை வெளியூர்க்காரர்கள் பலாப்பழம் என்று சொல்வார்கள். ஊருக்குச் சோறு போடுவது முந்திரி. காடாம்புலியூர் பக்கம் போனால் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு, கொட்டை உடைக்கிற கொட்டகை, ஓட்டு எண்ணெய் படாமல் இருக்கச் சாம்பல் பூசிய கைகள். அன்றைக்கு அந்தத் தோப்புகள் வேரோடு ஒரே திசையில் படுத்திருந்தன. தாத்தா வைத்த பலா மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை.

எனக்குத் திங்கட்கிழமை சென்டர். ஜனவரி 2.

போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் போனேன். மரத்தைத் தாண்டித் தாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பெண்கள் வழக்கம்போல வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் என்னை உலுக்கியது. யாரும் திட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா, "எழுந்து போயிடலாமா சார், இல்ல உட்காரணுமா?" என்று கேட்டார்.

தலைமை அலுவலகம் நான்கு வாரம் தள்ளிக் கொடுத்தது. அதைப் பெரிய சலுகையாக மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். இப்போது கணக்குப் பாருங்கள். ஒட்டு முந்திரிக் கன்று வைத்தால் மூன்றாம் வருடம்தான் பூ எடுக்கும். சொல்லிக்கொள்கிற மாதிரி காய்க்க ஆறேழு வருடம் ஆகும். எங்கள் கடன் 50 வாரம், அதோடு நான்கு வாரம். உடைக்கிற வேலையாவது சீக்கிரம் திரும்பி வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிற கொட்டை பண்ருட்டிக்கு ஏற்கெனவே பழக்கம்தான். சொந்த மரம் விழுந்து கிடக்க, ஐவரி கோஸ்ட் கொட்டையை உடைத்து எங்கள் தவணையைக் கட்டினார்கள். அந்தக் காலாண்டு அறிக்கையில் 'பேரிடருக்குப் பிறகும் 98% வசூல்' என்று வெளியிட்டார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பாராட்டினார்களாம்.

நான் அந்த வேலையை விட்டது அறச்சீற்றத்தினால் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், சென்னையில் அதைவிட நல்ல வேலை கிடைத்தது.

இம்பாக்ட் இன்வெஸ்டிங் என்ற பெயரே 2007இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் பிறந்ததுதான். லாபமும் வேண்டும், அளந்து காட்டக்கூடிய சமூகப் பயனும் வேண்டும் என்பது சுருக்கம். இந்தியாவில் 2012இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த மாற்று முதலீட்டு நிதி விதிகளில் சமூக நிதிகளுக்குத் தனி இடம் கிடைத்தது. எங்கள் நிதி அந்த அலையில் வந்ததுதான். எனக்கு எக்செல் ஷீட் வந்தது, ஏசி வந்தது, களத்துக்குப் போவது காலாண்டுக்கு ஒருமுறை ஆனது.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு முதலீட்டாளரைக் கூட்டிக்கொண்டு நம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்தேன். கடன் படிவத்தில் நோக்கம் என்ற கட்டத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் 'கறவை மாடு' என்றுதான் எழுதுவார்கள். எழுதுவது களப்பணியாளர். வந்த முதலீட்டாளர் மாட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார், தடவிக் கொடுத்தார், படம் எடுத்தார். அடுத்த வீட்டிலும் பார்த்தார். மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போதுதான் கவனித்தேன், நாங்கள் வாசல் வழியாகப் போகப் போக, அதே மாட்டைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு கேட்டபோது ஒருத்தி மகளுக்கு நர்சிங் ஃபீஸ் கட்டியிருந்தாள். இன்னொருத்தி வேறொரு கம்பெனியின் கடனை அடைத்திருந்தாள். நர்சிங் ஃபீஸ் மாட்டைவிட நல்ல முதலீடு. ஆனால் எங்கள் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

இந்தக் காலத்தில்தான் அமெரிக்கக் கதையைப் படித்தேன். அங்கே 1930களில் நகர வரைபடங்களில் சில பகுதிகளைச் சிவப்பில் குறித்தார்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள். அங்கே வீட்டுக் கடன் கிடைக்காது. நமக்கு வரைபடம் எதற்கு? "எந்தத் தெரு?" என்று மேலாளர் கேட்கிற தொனியிலேயே ஊரா காலனியா என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1977இல் சமூக மறுமுதலீட்டுச் சட்டம் வந்தது: டெபாசிட் வாங்குகிற வட்டாரத்தின் கடன் தேவையையும் வங்கி கவனிக்க வேண்டும் என்றது. 1994இல், இப்படி ஒதுக்கப்பட்ட வட்டாரங்களுக்குக் கடன் கொடுக்கிற சமூக மேம்பாட்டு நிதி நிறுவனங்களுக்கென்று அரசே ஒரு நிதியத்தை உருவாக்கியது. நம் முன்னுரிமைத் துறைக் கடன் விதி, அதாவது வங்கிக் கடனில் 40% விவசாயம், சிறுதொழில் மாதிரித் துறைகளுக்குப் போக வேண்டும் என்பது, அதன் தூரத்து உறவு.

இதில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது சிகாகோவின் ஷோர்பேங்க். 1973இல் ஒதுக்கப்பட்ட வட்டாரத்துக்கே கடன் கொடுப்பது என்று ஒரு பழைய வங்கியை வாங்கி நடத்தினார்கள். உலகமே உதாரணம் காட்டிய வங்கி. வீட்டுக் கடன் நெருக்கடியில் அந்த வட்டாரம் விழுந்தபோது வங்கியும் விழுந்து, 2010 ஆகஸ்டில் மூடப்பட்டது. படித்தபோது எனக்குக் காடாம்புலியூர்தான் கண்ணில் நின்றது. ஒரே ஊருக்குள் கடன் கொடுப்பவன் அந்த ஊரோடு சேர்ந்துதான் நனைவான். புயல் வந்தால் குழுவில் ஒருத்தி மட்டும் கட்ட முடியாமல் போவதில்லை, இருபது பேரும் போகிறார்கள். கூட்டுப் பொறுப்பு என்பது அன்றைக்கு வெறும் சொல்.

அப்படியானால் வெளியூர்ப் பணம் எதற்கு? கடலூரில் புயல் அடித்தால் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறவர் நனையமாட்டார். நட்டத்தைத் தாங்கக்கூடிய தோள் அவருடையதுதான். ஆனால் நான் படித்த ஒப்பந்தங்களில் முக்கால்வாசி, நட்டம் அந்தத் தோள் வரைக்கும் போகாமல் இருக்க எழுதப்பட்டவை. கம்பெனியில் தொடங்கி, கிளை, களப்பணியாளர், சென்டர் தலைவி என்று இறங்கி இறங்கிக் கடைசியில் பித்தளைத் தவலையில் வந்து நிற்கும். இந்தத் துறையில் எந்த ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: நட்டம் வந்தால் முதல் ரூபாய் யாருடையது? சமூகப் பயன் அறிக்கை எத்தனை பக்கம் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

நான் வேலை பார்த்ததில் ஒரே ஒரு கடனைப் பற்றி அம்மாவிடம் சொல்லலாம். ஒரு முந்திரி உற்பத்தியாளர் கம்பெனி. விவசாயிகளே பங்குதாரர்கள். 2002 கம்பெனிச் சட்டத் திருத்தம் இதற்கு வழி செய்தது. அறுவடை மார்ச்சிலிருந்து மே வரை. அப்போது விலை கீழே கிடக்கும், ஆனால் விவசாயிக்கு ரொக்கம் அன்றே வேண்டும். பருப்பாக்கினால் விலை ஏறுவது தீபாவளியை ஒட்டி. நான்கு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்பு தேறும். அதுவரை தாங்கப் பணம் வேண்டும். மாதத் தவணை போட்டால் ஜூனில் எதை விற்றுக் கட்டுவார்கள்? விலை படுத்த நேரத்தில் சரக்கை விற்றுத்தான். அதனால் 30 லட்சம் கொடுத்து, தீபாவளி கழித்து ஒரே தடவையில் அசல் என்று எழுதினோம். நட்டம் வந்தால் முதல் 20% ஒரு அறக்கட்டளையின் நன்கொடையிலிருந்து போகும் என்று வைத்தோம். முதலீட்டுக் குழுவில் மூன்று மணி நேரம் வாதாடினேன். "இது கடனா தர்மமா?" என்று ஒருவர் கேட்டார். தவணையை மரம் சொல்கிற தேதிக்கு மாற்றியது தர்மமானால், மழை பெய்கிற மாதத்தில் விதைப்பதும் தர்மம்தான்.

முதல் வருடம் சரியாக வந்தது. இரண்டாம் வருடம் விலை இறங்கி, இரண்டரை லட்சம் வரவில்லை. அறக்கட்டளைப் பணத்திலிருந்து எடுத்தோம். எங்கள் புத்தகத்தில் அது கறை. ஆனால் அந்த ஊரில் யாரும் எதையும் அடகு வைக்கவில்லை. மூன்றாம் வருடம் கேட்டபோது நிதி மறுத்துவிட்டது. அதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். இப்போது உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கும் குழுக் கூட்டமைப்புகளுக்கும் கடன் விண்ணப்பம் தயாரிப்பது, வங்கியோடு சண்டை போடுவது, இதுதான் பிழைப்பு. சம்பளம் சென்னையில் வாங்கியதில் பாதி.

கொரோனாவில் 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. கட்ட வேண்டாம் என்றதும் பெண்கள் நிம்மதியானார்கள். உள்ளே வட்டி ஓடிக்கொண்டே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. 2022இல் விதி மாறியது. வருட வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுப்பது நுண்கடன், எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வருமானம் எவ்வளவு என்று எழுதுகிற கை, கறவை மாடு என்று எழுதிய அதே கை. எங்கள் தெருவிலேயே பெண்கள் கடனுக்குக் கிழமையை வைத்துத்தான் பெயர் சொல்கிறார்கள். "செவ்வாக்கிழமைய அடைக்க வியாழக்கிழமையில வாங்கினேன்." 2025இல் மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் போட்டது. அதன் பிறகு வீட்டு வாசலில் குரல் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

சரி, அக்கா மகளுக்கு. சம்பளம் பரவாயில்லை, உன்னோடு படித்தவர்கள் வங்கியில் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கும். எம்பிஏ போதும். எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும், சமூக ஆர்வம் இருந்தால் எக்செல் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நேராக நிதியில் சேராதே. முதல் இரண்டு வருடம் வசூலுக்குப் போ. அதற்கு முன் ஒருநாள் என்னோடு விடியற்காலை துறைமுகத்துக்கு வா. அந்த அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார், இன்னும் தண்டல்தான் வாங்குகிறார். தண்டல்காரரின் மகன் இப்போது ஜிபேயில் வாங்குகிறான்.

இந்த மார்ச்சில் பண்ருட்டிப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். முடிந்து கிளம்பும்போது ஒருவர் கூப்பிட்டார். எழுந்து போகலாமா என்று அன்றைக்குக் கேட்ட அதே அக்கா. தலை நரைத்திருந்தது. எனக்கும்தான். வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தோப்பைக் காட்டினார். தானேக்குப் பிறகு வைத்த ஒட்டுக் கன்றுகள். நல்ல நிழல், காலடியில் பழ வாசனை. "உங்க கடன கட்டி முடிச்சு மூணு வருஷம் கழிச்சுத்தான் இது பூவே எடுத்துச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மரத்தின் வயதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

என்ன சொல்வதென்று தெரியாமல், மூட்டை என்ன விலை போகிறது என்று கேட்டேன். இப்போது விற்கப்போவதில்லையாம், பருப்பாக்கித் தீபாவளிக்கு விற்கிறாராம். அதுவரை கைச்செலவுக்கு? "வியாழக்கிழமை இருக்கே" என்றார்.